அவள் பேரில் ஒரு வாரண்ட், என் மேசை டிராயரில்

1

இன்று அப்பாவுக்குத் திதி. வசந்தி விடியற்காலையிலேயே குளித்துவிட்டுச் சமையலை முடித்தாள். படத்துக்கு முன்னால் இலை போட்டாள், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், வடை என்று ஒன்று விடாமல் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "காக்காய்க்கு எடுத்து வெச்சது மேடை மேல இருக்கு. உங்க அப்பாவுக்கு வைக்கிறது. நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடிதப் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படாது. சோற்றை உருட்டி மொட்டைமாடிச் சுவரில் வைத்து 'கா கா' என்று கூப்பிட்டால் தீர்ந்தது வேலை. இங்கே சுவா சூ காங் வட்டாரத்து அடுக்குமாடியில் நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. மொட்டைமாடி கிடையாது, காக்காயும் அவ்வளவாகக் கிடையாது. சோறு வைத்தால் முதலில் புறா வரும், அப்புறம் மைனா வரும், அதற்கப்புறம் அபராதக் கடிதம் வரும். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தது.

பதினெட்டு வருஷமாக இந்த ஊரைப் பற்றி நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் பெருமைதான். ரயில் எப்படிச் சொன்ன நேரத்துக்கு வருகிறது, தெரு எப்படித் துடைத்து வைத்தமாதிரி இருக்கிறது, கவர்மென்ட் ஆபீஸில் ஒருத்தன் கையையும் காலையும் பிடிக்காமல் எப்படிக் காரியம் நடக்கிறது என்றெல்லாம் அளந்திருக்கிறேன். இந்தத் தடவை எழுதுவது என்னுடைய வெட்கக்கேடு. வசந்திக்குத் தெரியும், மகள் ஆர்த்திக்குத் தெரியும், கோர்ட்டில் ஒரு கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவும் பாதி ஊகித்திருப்பார். இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

2

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பர் போட்டு, யாருக்குப் போக வேண்டுமோ அவர் மேசைக்கு அனுப்பி, பதில் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று விரட்டுவது என் பிழைப்பு. என் கையில் ஒரு கடிதமும் தொலைந்ததில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். நானும் அதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

அது போதாதென்று எங்கள் ப்ளாக்கின் குடியிருப்பாளர் குழுவில் தொண்டு வேறு. ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்கித் தருவது என் பொறுப்பு. கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துத் தூணில் நான்கு மொழியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் தமிழ் என்னுடையது. 'பறவைகளுக்கு உணவளிக்காதீர்கள். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' இரண்டு வரிதான், ஆனாலும் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

போன வருஷம் திதியன்று சோற்றுருண்டையைத் தட்டில் வைத்து வசந்தி என்னிடம்தான் நீட்டினாள். "நீங்க கொண்டுபோய் வைங்க. புள்ளை வைக்கிறதுதான் முறை" என்றாள். முறை எனக்கும் தெரியும். ஆனால் குழுவில் இருக்கிறவன் அந்தத் தாளுக்கு முன்னால் போய்ச் சோறு வைத்தால் என்ன ஆகும்? பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? "எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு, நீயே ஒரு ஓரமா வெச்சுட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நான் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு நடைபாதைச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே புல்வெளி ஓரத்தில் வசந்தி குனிந்து சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு காக்காயும் வரவில்லை. புறாக்கள்தான் கூட்டமாக இறங்கின. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு சீனப் பெண் எங்கிருந்தோ வந்து அவளிடம் ஏதோ கேட்டாள். வசந்தி பர்ஸைத் திறந்து ஐசியை, அதுதான் அடையாள அட்டை, எடுத்துக் கொடுத்தாள். காலை நேரம், ஆள் நடமாட்டம் இருந்தது. எதிர்வீட்டு மிஸ்டர் டான் நாயோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

வசந்தி அண்ணாந்து பார்த்தாள். ஏழாவது மாடியை, எங்கள் வாசலைத்தான் பார்த்தாள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இறங்கிப் போவதற்கு லிஃப்டில் அரை நிமிஷம் ஆகியிருக்கும். 'மேடம், இது என் அப்பாவுக்கு, நான்தான் அனுப்பினேன், என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். நான் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தவள், "என் ஐசியை வாங்கி எழுதிக்கிச்சு. லெட்டர் வருமாம். நீங்க மேல நின்னீங்களா?" என்றாள்.

"இல்லையே, இப்பத்தான் குளிச்சிட்டு வரேன்" என்றேன். "லெட்டர் வந்தா நான் பாத்துக்கறேன், விடு."

3

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை வழக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு சகஜமாகிவிட்டது. இங்கே அரசாங்க சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆப் போதும். வரி, ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளை படிப்பு எல்லாம் அதன் வழியாகத்தான். ஆளுக்கொரு கணக்கு. ஆனால் மனைவியின் கணக்கு கணவன் கையில் இருக்கும். அவளுக்கு வர வேண்டிய தகவலெல்லாம் இவன் நம்பருக்கு வரும். விசேஷ வீடுகளில் ஆண்கள் உட்கார்ந்து பேசும்போது, "எம்பொண்டாட்டியோடதும் நான்தான் பாக்கறேன்" என்று அலுத்துக்கொள்வதுபோல் பெருமையடித்துக்கொள்வோம். வசந்தியின் கணக்கை என் பழைய ஃபோனில் போட்டு மேசை டிராயரில் வைத்திருந்தேன். ஆறிலக்க ரகசிய எண்கூட என் பிறந்த தேதிதான்.

ஆரம்பத்தில் அவளே, "எனக்கு எதுக்குங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். அன்றைக்கு ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிது. இப்போது அவள் மீன் மார்க்கெட்டில் மலாயிலும் சீனத்திலும் கலந்துகட்டிப் பேரம் பேசுகிறாள். எந்த பஸ் எங்கே போகும் என்று என்னைவிட அவளுக்குத்தான் அத்துப்படி. அந்த ஃபோன் மட்டும் டிராயரை விட்டு வெளியே வரவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

முதல் கடிதம் வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் அபராதம் கட்டினால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கட்டித் தொலைத்திருக்கலாம். ஆனால் எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் ஒரு நம்பிக்கை. இது எங்கள் சமயச் சடங்கு, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று அழகாக ஒரு முறையீடு எழுத உட்கார்ந்தேன். 'என் மனைவிக்கு இந்த விதி தெரியாது' என்று ஒரு வரி வந்தது. அவள் நின்ற இடத்துக்கு நேரே தூணில் தமிழில் ஒட்டியிருக்கிறதே, அதை எழுதியவன் யார் என்று கேட்டால்? சடங்கு யாருடைய அப்பாவுக்கு என்று கேட்டால்? அந்த வரியில் நின்றவன் நின்றவன்தான், தேதி போய்விட்டது.

நடுவில் ஒருநாள் சாப்பிடும்போது வசந்தி கேட்டாள். "அந்தப் புறா விஷயம் என்னாச்சுங்க?"

"அதெல்லாம் அப்பவே முடிச்சுட்டேன்" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன்.

இந்த ஒரு பொய்தான் எல்லாவற்றுக்கும் வினை. இரண்டாவது கடிதம் சம்மன். இன்ன தேதியில் வசந்தி கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டும் என்று இருந்தது. அவளை அழைத்துப் போனால் முடிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். என் வீட்டுப் பெண் கோர்ட்டில் போய் நிற்பதா என்று ரோஷம் வேறு. அந்தத் தேதியன்று நான் ஆபீஸில் உட்கார்ந்து ஏழெட்டுக் காப்பி குடித்தேன், வேறொன்றும் செய்யவில்லை. பழைய ஃபோனில் தகவல் வந்து கிடந்தது. அதை அணைத்து டிராயரில் பின்னுக்குத் தள்ளினேன். அடுத்து வந்த உறையைப் பிரிக்கவே இல்லை. அதே உறை, அதே முத்திரை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊமை கண்ட கனா மாதிரி நான் மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

4

மாதங்கள் ஓடின. தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. வசந்தியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, வசந்தி ஒரே பெண். மறுநாளே அடுத்த வாரச் சனிக்கிழமைக்குத் திருச்சி டிக்கெட் போட்டேன். ஆபரேஷன் அதற்கடுத்த திங்கட்கிழமை. "நான் வந்தப்புறம்தான் தியேட்டருக்கு உள்ள கொண்டுபோகணும்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். அம்மா பயப்படும்" என்றாள்.

டிக்கெட் போட்ட மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் கம்பெனி லாரி டிரைவர் முருகேசன் விமானத்தைக் கோட்டைவிட்டான். கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் இருக்கிறவன். லீவுக்கு ஊருக்குக் கிளம்பியவனை ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை நீட்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எப்போதோ பஸ் ஸ்டாப்பில் சிகரெட் பிடித்ததற்கு வந்த சம்மனுக்குப் போகாமல் இருந்திருக்கிறான். கோர்ட்டில் வாரண்ட் போட்டுவிட்டார்கள். ஜாமீனில் வெளியே வந்து, மத்தியானம் என் மேசைக்கு முன்னால் பெட்டியும் கையுமாக நின்றான். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போக வேண்டும், கூட யாராவது போங்கள் என்று மேனேஜர் என்னைக் கை காட்டினார்.

நான் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டேன். "லெட்டர் வந்தா பிரிச்சுப் படிக்க மாட்டியா? இங்கிலீஷ் வரலைன்னா என்கிட்ட கொண்டாந்து குடுக்க மாட்டியா? கவர்மென்ட் லெட்டரை எவனாவது தூக்கிப் போடுவானா? அறிவு வேண்டாம்?"

"பெட்டிக்கு அடியில வெச்சிருந்தேன்ணே. பாத்தா பயமா இருந்துச்சு. அப்படியே வெச்சா போயிடும்னு நெனச்சேன்" என்றான்.

அப்படியே வெச்சா போயிடும். அடுத்து ஏதோ திட்ட வாயெடுத்தவன் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். வசந்திக்கும் அடுத்த சனிக்கிழமை ஏர்போர்ட்டில் இதே கவுன்ட்டர், இதே பாஸ்போர்ட் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மூன்றாவது உறையைக் கிழித்தேன். முருகேசன் காட்டிய அதே தாள்தான். பெயர் மட்டும் வசந்தி.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். அம்மாவுக்கு வழுக்காத செருப்பு, இரண்டு பருத்தி நைட்டி, தைலம், பிஸ்கட் டின் என்று அங்கே தேக்கா சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். நைட்டியை என் மேல் வைத்து அளவு பார்த்துவிட்டு, "அம்மா உங்களவிட ஒல்லிதான்" என்று சிரித்தாள். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை காப்பி வேணுமா என்று கேட்டேன். இன்னொரு தடவை பைகளை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன். "என்னங்க, இன்னிக்கு ரொம்பத்தான் பாசம்" என்றாள்.

5

திங்கட்கிழமை முருகேசனோடு கோர்ட்டுக்குப் போனேன். அவனுக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. நீதிபதி வாரண்டை ரத்து செய்தார், வழக்கைக் கேட்டார், அபராதம் போட்டார். வெளியே வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க அன்னிக்குத் திட்டுனது நல்லதுதாண்ணே. எனக்கு யாரு இப்படிச் சொல்லுவா" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ போய் லாரியில் ஏறு, நான் வருகிறேன் என்று அனுப்பிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

கவுன்ட்டரில் தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. 'லா' போட்டு முடிக்கிற இந்த ஊர் ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் நண்பரின் மனைவிக்கு இப்படி ஒரு வாரண்ட் இருக்கிறது, அவர் கணவர் வந்து முடித்துக்கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"கணவர் முடியாது லா. அவங்க பேர்ல இருக்கு, அவங்களே வரணும்."

"அவங்களுக்கு விஷயமே தெரியாது. கணவர்தான் எல்லா லெட்டரும் பாக்கிறவர்."

அந்த அம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்ப முதல்ல அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

"சனிக்கிழமை ஊருக்குப் போறாங்க. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்."

"அதுக்கு முன்னாடி இங்க வரட்டும். தானா வந்தா சுலபம். ஏர்போர்ட்டுல பிடிச்சாங்கன்னா பிளைட் போயிடும்." என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். "உங்க நண்பர்கிட்ட இன்னிக்கே சொல்லச் சொல்லுங்க." நண்பர் என்று சொல்லும்போது அவர் குரலில் கிண்டல் எதுவும் இல்லை, அதுதான் இன்னும் கூசியது.

6

அன்று வீட்டில் வசந்தி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். டிராயரிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வசந்தி, அந்தப் புறா விஷயம் முடியலை."

"எது?"

"முடிச்சுட்டேன்னு சொன்னது பொய். நான் ஒண்ணும் செய்யலை. கோர்ட்டுக்கு வரச் சொல்லி உனக்கு லெட்டர் வந்துச்சு, அதையும் சொல்லலை. இப்ப வாரண்ட் போட்டிருக்காங்க."

"வாரண்ட்னா?"

"உன்னைப் பிடிச்சு கோர்ட்டுல நிறுத்தச் சொல்லி உத்தரவு."

"என்னையா?" என்றாள். நைட்டியை மடித்தபடி இருந்த கை நின்றது. "என்னைய எதுக்குங்க பிடிக்கணும்?"

கடிதங்களை வாங்கிக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து அவள் பெயரைத் தேடினாள். "இது என் பேருதானே? இதுவும் என் பேருதான். இது எப்ப வந்தது?" ஒவ்வொன்றுக்கும் தேதி சொன்னேன். டாக்குமென்ட் கன்ட்ரோலருக்குத் தேதி மறக்குமா.

சத்தம் கேட்டு ஆர்த்தி அறையிலிருந்து வந்தாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வீட்டில் அவள் தமிழ் பேசுவது, பசிக்குது, வரேன், போறேன் இந்த மூன்றோடு சரி. மற்றதெல்லாம் அவள் அறைக்குள், ஆங்கிலத்தில். கடிதங்களை எடுத்து நின்றபடியே படித்தாள். என்னிடம் திரும்பி, "அப்பா, எவ்ளோ மாசம் உங்ககிட்ட இருந்துச்சு? அம்மாவோட லெட்டர், பா. அம்மாவோட ஐடென்டிட்டி" என்றாள்.

அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வரி ஆங்கிலத்தில் படிப்பாள், நின்று யோசிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள். "இங்க என்ன போட்டிருக்குன்னா, நீங்க அந்த டேட்ல வரலை, சோ ஜட்ஜ் உங்கள... கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார்." சிலதுக்கு வார்த்தை கிடைக்காமல் தவித்தாள். நான் சொல்லிக்கொடுக்கப் போனேன். "நீங்க பேசாதீங்க, பா" என்றாள். மூன்று கடிதத்தையும் அப்படியே படித்து முடித்தாள்.

வசந்தி அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"அன்னிக்கு மேல நின்னீங்க."

நான் கட்டிலில் கிடந்த கடிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"உங்க பச்சைத் துண்டு தெரிஞ்சுச்சு. அண்ணாந்து பாத்தேன், துண்டு உள்ள போச்சு. மேல வந்து கேட்டா குளிச்சிட்டு வரேன்னு சொன்னீங்க. சரி, மனுஷனுக்கு வெக்கமா இருந்திருக்கும், போகட்டும்னு விட்டேன். லெட்டரையும் அதே மாதிரி உங்ககிட்ட விட்டுட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு."

இத்தனை மாதமாக அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ரசம் ஊற்றினாள், சட்டை இஸ்திரி போட்டாள், தேக்காவில் சிரித்தாள். செத்துப்போகலாம்போல இருந்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் எழுந்து எங்கேயாவது போய்விடத்தான் தோன்றியது.

"நான் எங்கம்மாவைப் பாக்கப் போவேனா மாட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"புதன்கிழமை கோர்ட்டுக்குப் போனா முடிஞ்சுடும். நான் கூட வரேன்."

"வாங்க. வழி தெரியும்ல உங்களுக்கு" என்றாள்.

7

புதன்கிழமை அவள் கோயிலுக்குப் போகிற சேலையைத்தான் கட்டியிருந்தாள். ரயிலில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் எதிரில் உட்கார்ந்தாள். குவீன்ஸ்டவுன் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அங்கேதான் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அப்போதெல்லாம் கடிதம் என்று வந்தால் ஊரிலிருந்து அவள் அம்மா எழுதியதுதான். அதை அவள்தான் பிரித்து எனக்குப் படித்துக்காட்டுவாள். அது எனக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

கவுன்ட்டரில் அதே மலாய்க்கார அம்மா. என்னைப் பார்த்தார், வசந்தியைப் பார்த்தார், நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணினியில் தேடி, தாளில் கையெழுத்து வாங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் போலீஸ் வந்து வசந்தியை உள்ளே வரச் சொன்னார். சொந்தக்காரர்கள் வெளியேதான் இருக்க வேண்டும். வசந்தி கைப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் அவள் அம்மாவுக்கு வாங்கிய தைலம் ஒன்று உடைந்திருக்க வேண்டும், வாசம் வந்துகொண்டே இருந்தது.

பெயர் கூப்பிட்டதும் கோர்ட் அறைக்குள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வசந்தி முன்னால் நின்றாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். குற்றத்தைத் தமிழில் படித்துக்காட்டினார். வசந்தி ஒப்புக்கொண்டாள். நீதிபதி ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருத்தமான தமிழில் சொன்னார். "குறிப்பிட்ட நாளில் நீங்கள் நீதிமன்றத்துக்கு வராததற்குக் காரணம் என்ன?"

"லெட்டர் வந்ததே எனக்கு முந்தாநாள்தாங்க தெரியும்" என்றாள் வசந்தி.

"கடிதங்கள் உங்கள் முகவரிக்குத்தானே வந்தன? யார் பெற்றுக்கொண்டார்கள்?"

நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன். நான்தான் என்று சொல்ல வாயும் திறந்தது. அறை ஓரத்தில் நின்ற காவலர் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையைக் காட்டியதால்தான் உட்கார்ந்தேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாவது மாடியில் எந்தக் காவலரும் நிற்கவில்லை.

வசந்தி என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் யோசித்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அது நியாயம். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கலாம், நான் உள்ளூர அதைத்தான் எதிர்பார்த்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. அவள் இரண்டும் செய்யவில்லை.

"லெட்டர் வீட்டுலதான் இருந்துச்சுங்க. என் பேருக்கு வந்ததை நான் பிரிச்சுப் பாக்கலை. இனிமே என் லெட்டரை நானே பிரிப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் கேட்டது போதாதென்று இன்னொரு தடவையும் கேட்டேன். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். வாரண்ட் ரத்தானது, அபராதம் விதித்தார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து அபராதம் கட்டி ரசீது வாங்கினேன். வழக்கம்போல என் சட்டைப் பையில் வைக்கப் போனேன். வசந்தி கையை நீட்டினாள். கொடுத்தேன்.

8

சனிக்கிழமை ஏர்போர்ட்டில் அவள் பாஸ்போர்ட்டை வைத்து, கதவு திறந்து, அந்தப் பக்கம் போகும்வரை நானும் ஆர்த்தியும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். அவள் போனதும் ஆர்த்தி என் பக்கம் திரும்பாமலே, "இப்ப மூச்சு விடுங்க, பா" என்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. முருகேசனும் ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டான். எனக்காக அவன் மனைவி சுட்ட முறுக்கு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். ஆபீஸில் எல்லோருக்கும் பங்கு போட்டேன், நான் ஒன்றும் எடுக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த வாரமே வசந்தி டிராயரைத் திறந்து பழைய ஃபோனை எடுத்தாள். ஆர்த்தி அவளுக்குப் புது ஃபோனில் கணக்கை மாற்றிக் கொடுத்தாள். ரகசிய எண் போடும்போது நான் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன். இருவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பால்கனித் துணியை எடுக்கப் போனேன். இப்போது கடிதம் வரும் நாளில் அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆர்த்தியின் தமிழில் 'விண்ணப்பம்', 'காலக்கெடு' எல்லாம் வந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்தது இல்லை.

குழுவுக்கு இனிமேல் மொழிபெயர்த்துத் தர முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் வேலைப்பளு என்று போட்டேன். அதுவும் பொய்தான். தூணில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. லிஃப்ட் வரும்வரை ஃபோனைப் பார்க்கிறேன்.

இன்று காலை அந்தச் சோற்றுருண்டையைத் தட்டோடு கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றேன். கீழே கொண்டுபோக முடியாது. ஜன்னல் விளிம்பில் வைக்கவும் கூடாது. கடைசியில் அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன், பிறகு நானே சாப்பிட்டேன். அப்பா எப்போதும் உப்புக் குறைவாகத்தான் சாப்பிடுவார், அவர் பங்கு என்பதால் வசந்தி அப்படியே போட்டிருந்தாள்.

கை கழுவும்போது அவள் மேலே வந்தாள். கையில் நாலைந்து உறைகள். முன்பெல்லாம் யார் பெயருக்கு வந்தாலும் மொத்தமாகக் கட்டி என் மேசையில் வைப்பாள், நானும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். இன்று சாப்பாட்டு மேசையில் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து ஒதுக்கி வைத்தாள். இரண்டு அவளுக்கு, ஒன்று ஆர்த்திக்கு. ஒரு உறையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்க பேர் போட்டிருக்கு. நான் பிரிக்கலை" என்றாள்.